கச்சான் எந்தப் பக்கம்

5 ஜூன் 2016
மருமகள் ஜெமி கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து விளக்க விளக்க, நான் 'ம்' கொட்டினேன். கடைசி 'ம்' குறட்டை என்று கண்டுபிடித்துவிட்டாள். மானம் போனது.

கையில் கட்டன்சாயா கொடுத்து மறுபடி சொன்னாள். காற்றின் திசை எண்ணாக வருமாம். அதை வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நம் கடற்கரைப் பெயராக மாற்றிக் காட்டும் புரோகிராம் எழுதியிருக்கிறாள். லைப்ரரி என்பார்களாம். யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் ஆப்புக்குள் சேர்த்துக்கொள்ளலாம். எந்தக் காற்று எந்தப் பக்கம் என்று சொன்னது நான்தான்.

கல்யாணத்துக்காகப் பெங்களூர் வேலையை விட்டவள். என் மகன் ஜெனின் மஸ்கட்டுக்குத் திரும்பிய பிறகு இன்றைக்குத்தான் முகத்தில் வெளிச்சம்.

19 ஜூன்
லைப்ரரியை ஜெமி அனுப்பிய இடத்தில் இரண்டு பேர் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே விடுவார்களாம். இந்தப் பெயர்கள் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன என்று கேட்டிருக்கிறார்கள்.

"மாமி சொன்னதுன்னு எழுதட்டா?"

"எழுது ஏட்டி. என் போட்டோவையும் வை, பயந்து விட்டுருவானுவ."

ஜெமி சிரிக்கவில்லை.

10 ஜூலை
பதில் இல்லை. சோறும் சரியாக இறங்கவில்லை அவளுக்கு.

12 ஜூலை
வேறொரு இடம் இருக்கிறதாம். கதவும் இல்லை, காவலும் இல்லை. வடசேரிச் சந்தைக்கு வெளியே ரோட்டோரம் கூடையை இறக்கினால் கடை என்பதுபோல. பட்டனை அமுக்கினாள், ஏறிவிட்டது. இரண்டு பேரும் பொரித்த சாளை மீன் தின்றோம்.

2 ஆகஸ்ட்
எல்லாம் தலைகீழ்.

தேங்காய்ப்பட்டணத்துக்காரர் செல்வதாஸ், கத்தாரில் வேலை. ஊர் வள்ளக்காரர்களுக்கு ஒரு ஆப் செய்து, அதில் இவள் லைப்ரரியைச் சேர்த்திருக்கிறார். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சானை, கிழக்கிலிருந்து வருகிற கொண்டல் என்று காட்டுகிறதாம்.

நான் செய்த வினை. கடலுக்குப் போகிறவன் காற்று வரும் பக்கத்தைச் சொல்வான். கருவாடு காயப்போடுகிற எனக்கு மண் பறந்து போகிற பக்கம்தான் தெரியும். அதைத்தானே சொன்னேன் — பாவி, எனக்கு எதுக்கு இந்த வாய்?

ஜெமி அழுதாள். அந்த இரண்டு பேர் நிறுத்தி வைத்தது சரிதானாம். எல்லாவற்றையும் எடுத்துவிடப் போகிறாளாம். இனி கம்ப்யூட்டரே வேண்டாமாம்.

"கரையாத மக்கா, கண்ணத் தொடச்சுக்க. அவனுவளுக்கு மட்டும் கச்சான் தெரியுமாக்கும்? தொறந்து கெடந்ததுனாலதான தெரிஞ்ச ஆளு உள்ள வந்தான்?"

கம்ப்யூட்டரை மூடி வைத்தாள். எதையும் எடுக்கவில்லை.

7 ஆகஸ்ட்
செல்வதாஸ் திட்டவில்லை. திருத்தியே அனுப்பியிருக்கிறார். ஜெமி ஒவ்வொரு வரியாகப் பார்த்து, அவருக்கும் ஒரு சாவி கொடுத்துவிட்டாள். யாரும் திருத்தம் அனுப்பலாம். இவளும் அவரும் பார்த்த பிறகுதான் ஏறும்.

நீயும் கதவு வைத்துவிட்டாயே என்றேன்.

"கதவுதான் மாமி. கொண்டி போடல."

வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பி மீனைக் கழுவினேன்.

21 ஆகஸ்ட்
திருத்தின பதிப்பை இன்று ஏற்றினோம். ஜெமியும் செல்வதாஸும் பார்த்தாயிற்று. பட்டனை நான்தான் அமுக்க வேண்டும் என்று ஜெமி என்னை உட்கார வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். 'என்ன மாற்றம்' என்று எழுதுகிற பெட்டி காலியாக இருந்தது. தமிழ் வருகிறதா என்று பார்க்க, 'சாளைக்கு உப்பு பத்தாது' என்று தட்டி, அமுக்கினேன்.

ஏறினதை மாற்ற முடியாதாம்.

எவ்வளவு உப்பு என்று செல்வதாஸ் கேட்டிருக்கிறார்.