தேங்காய் வண்டிக்கு வைத்த கூரை

1984 ஆடி 3, செவ்வாய். பளை.

சோளகக் காற்று ஓயவில்லை. காலையிலிருந்து ஓலை இரைச்சல். தானாக விழுந்த காய் மட்டும் ஒரு கடகம் நிறைய.

முதலாளியின் கடிதம், யாழ்ப்பாணத்திலிருந்து. காய் பொறுக்கி ஏற்ற ஒரு வாகனம் வாங்கட்டாம். தெரிவு என் பொறுப்பு. 16ஆம் திகதிப் பறிப்புக்கு முன் தோட்டத்தில் நிற்க வேண்டும். ‘நின்றுபிடிக்கக் கூடியதாய்ப் பாரும்’ என்பதற்குக் கீழே கோடு வேறு.

கோடு போடாவிட்டாலும் பார்ப்பேன். போன பறிப்பில் லெட்சுமியின் தோளில் காய் விழுந்து எலும்பு முறிந்தது. மரத்தில் ஆள் இருக்கும்போதே பொறுக்கும் பெண்களை உள்ளே போகச் சொன்னது நான். லொறி காத்து நிற்கிறதென்ற அவசரம். இரண்டு மாதமாகியும் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. அவளோ புருஷன் மாரிமுத்துவோ இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 77 கலவரத்தில் மாத்தளைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, ஒரு துணி மூட்டையோடு வந்தவர்கள். ஏசியிருந்தால் எனக்கு நித்திரையாவது வந்திருக்கும்.

வேண்டியவை: மணலில் புதையக் கூடாது. இரண்டு வரிசைத் தென்னைக்கு இடையில் திரும்ப வேண்டும். பத்து வருடம் உழைக்க வேண்டும். மேலே கூரை. கூரை. (இரண்டு தரம் எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

ஆடி 5, வியாழன்

கிளிநொச்சி. வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை விட்டு இறக்கிச் சோதனை. வெயில்.

சலீம் நானாவின் கராஜில் மூன்று பார்த்தேன்.

ஜீப்: நல்ல வலு. ஒரு மாதம் தாங்காது. பழுதாகி அல்ல, துவக்கோடு யாராவது வந்து கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும்.

பெரிய உழவு மிசின்: அகலம் கூட. தென்னை வேரை நசுக்கும்.

இரண்டு சில்லு உழவு மிசின், பின்னால் பெட்டி: கிழடு, பார்க்க அசிங்கம். ஸ்டார்ட் பண்ண, இரண்டாம் சுற்றிலேயே இயங்கியது. இதுதான்.

ஓட்டுபவனுக்கும் பெட்டிக்கும் சேர்த்து நீளக் கூரை கேட்டேன். மேலே பறிக்கும்போதே பெண்கள் அதன் கீழ் நின்று பொறுக்கிப் போடலாம், லொறியும் காக்க வேண்டாம். தடித்த தகடு, முன்னுக்குக் கம்பி வலை. நானா தலையைச் சொறிந்தார்.

“ஐயா, வலுவை மட்டும் பாக்காதேங்கோ. றோட்டிலை ஆருடைய கண்ணிலையும் படாததுதான் இப்ப கனகாலம் நிக்கும்.”

பயந்த மனிசன் என்று விட்டுவிட்டேன். வாசல் படலைக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதையே அடிக்கச் சொன்னேன்.

மனிசி பரிமளம் இருமல் மருந்து வாங்கிவரச் சொல்லியிருந்தா. மறந்துபோனேன். வீட்டில் கதை இல்லை.

ஆடி 9, திங்கள்

கூரை முடிந்ததாம். மாரிமுத்து பின்னேர பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய்விட்டான், நாளை விடிய ஓட்டிக்கொண்டு வருவான். வெறும் பெட்டி துள்ளும், நாலு மண் மூட்டை போட்டுக்கொண்டு வா என்று சொல்லிவிட்டேன். எப்போதும் செய்வதுதான்.

மருந்து வாங்கியாயிற்று.

ஆடி 10, செவ்வாய்

மிசின் வரவில்லை.

பத்து மணிக்கு வர வேண்டியது. பன்னிரண்டு. ஒன்று. படலைக்கும் றோட்டுக்கும் எத்தனை தரம் நடந்தேனோ.

இரண்டரை பஸ்ஸில் வந்த மீன்காரர் சொன்னார்: பாலத்தடி ஆமிச் சென்றியில் பச்சையாய் ஒரு வாகனம் மறித்து வைத்திருக்கிறார்களாம். ஓட்டி வந்தவனை றோட்டில் முழங்காலில் விட்டிருக்கிறார்களாம்.

லெட்சுமி வந்து படலையடியில் இருந்தாள். நேரம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டாள்.  

இப்போது போனால் என்னையும் இருத்திவிடுவார்கள் என்கிறா பரி. நாளை முதல் பஸ்.

ஆடி 11, புதன்

போய் வந்துவிட்டோம். இரண்டு பேரும். முதலில் அதை எழுதி வைக்கிறேன்.

கொண்டுபோனது முதலாளியின் கடிதமும் ஒரு சாக்கில் பத்துத் தேங்காயும். தேங்காய் எதற்கென்று எனக்கே தெரியாது. மா.மு. நிலத்தில் குந்தியிருந்தான், கீழுதடு வீங்கி. மிசின் தள்ளி நின்றது. பச்சை நிறம், தடித்த தகடு, கம்பி வலை, உள்ளே மண் மூட்டை. இத்தனை நாளும் என் மண்டையில் தேங்காயைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அங்கே நின்று பார்த்தபோதுதான் அது சண்டைக்குப் போகிற வண்டி மாதிரி இருப்பது தெரிந்தது. 

மா.மு. நல்ல சிங்களம் பேசுவான். அது இன்னும் சந்தேகமாகிவிட்டதாம்.

காய் விழும், அதற்குத்தான் கூரை என்றேன். அதிகாரி நம்பவில்லை. என்னை மிசினில் ஏறிக் கூரைக்குக் கீழே இருக்கச் சொன்னார். ஒரு ஆமிக்காரன் என் சாக்கிலிருந்து ஒரு காயை எடுத்துக்கொண்டு காவலரண் சுவரில் ஏறி, கூரை மேல் போட்டான். அந்தச் சத்தத்துக்குச் சுற்றி நின்ற அத்தனை துவக்கும் நிமிர்ந்தன. கண்ணை மூடிவிட்டேன். செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

தகடு நெளியவில்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன், வெட்கம்.

அதிகாரி தகட்டைத் தட்டிப் பார்த்தார். கூரையை இங்கேயே வெட்டிக் கழற்று, பிறகு போ என்றார். ஒரேயொரு இரும்பு அறுக்கும் வாள். நானும் மா.மு.வும் மாறி மாறி மத்தியானம்வரை அறுத்தோம். தகட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

 பளையில் இறங்கும்போது மா.மு. சொன்னான்:

“கூரை இல்லாம பொம்பளைங்கள உள்ள விடமாட்டேங்கய்யா.”

ஆடி 14, சனி

உள்ளங்கையில் கொப்புளம். வேறு கூரை? ஓலைக் கிடுகு தாங்காது. பலகை பாரம். 16க்கு லொறி சொல்லியாயிற்று. மூன்று நாளாய் இதே யோசனை. பரி. கேட்டா, மரத்தில் ஆள் நிற்கேக்கை ஏன் கீழை போகவேணும் என்று. எழும்பித் தோட்டத்துப் பக்கம் போனேன்.

ஆடி 16, திங்கள்

பறிப்பு. காற்றுக் கொஞ்சம் குறைவு.

விடிய எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஏறுகிறவர்கள் ஐந்து பேர், காலில் மாட்டுகிற தளநாரும் ஐந்து. ஒரு பகுதி பறித்து இறங்கினதும் அவரவர் தளநாரை மிசின் கைப்பிடியில் கொளுவ வேண்டும். ஐந்தும் தொங்கும்வரை மிசின் வெளிக்கிடாது, பெண்களும் உள்ளே போவதில்லை. பார்த்துக்கொள்வது லெட்சுமி. அதற்கு ஒரு கை போதும்.

முதல் பகுதி. நாலு வந்துவிட்டது. ஐந்தாவது ஆள் இன்னும் உச்சியில். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும். எல்லாரும் வெளியே நின்று காய் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லெட்சுமி கைப்பிடியில் தொங்கிய நாலையும் தடவிப் பார்த்தாள். கோபமில்லாத குரல்.

“இத அன்னைக்கே செஞ்சிருக்கலாங்களேய்யா.”

ஓம் என்றேன்.