நடுக்கத்தை எடுக்கும் பட்டன்

ஓர் அறிவித்தல். உன் கறுப்பு ஹெட்போனின் இடக்காது இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வபாத்தாகிவிட்டது என்பதைச் சகலருக்கும் ஆழ்ந்த கவலையோடு அறியத் தருகிறேன். நெடுநாளாக வயரில் நோய்வாய்ப்பட்டிருந்த அன்னார், டேப் சுற்றும் வைத்தியம் பலனளிக்காமல் போய்ச் சேர்ந்தார். வலக்காதை ஆற்றாத் துயரில் விட்டுச் சென்றுள்ளார். நல்லடக்கம் என் மேசை லாச்சியில்.

மச்சான், நீ இருந்திருந்தால் என் பிடரியில் ஒன்று போட்டிருப்பாய். மவுத்து விசயத்தில் விளையாடாதே என்று ஏசிவிட்டு, அடுத்த நிமிடம் நீயே அடக்கம் எத்தனை மணிக்கென்று கேட்டிருப்பாய்.

ஹெட்போனின் பஞ்சில் உன் தலையெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. அதைக் காதில் மாட்டித்தான், கல்முனையில் இரண்டு ஸ்டூடியோக்காரர்கள் கைவிரித்த வேலையொன்றை நான் தனியாளாய் முடித்தேன். உன் கூடப்பிறந்த ராத்தாவின் நிக்காஹ் வீடியோ. இந்த மடல் கொஞ்சம் பெருமையடிப்பதற்காகவும்தான்.

நம் கூட்டுக் கம்பனியில் நீ ஒலி, நான் ஒளி. வேலை என்று வந்தால் ஒளிவதும் நான்தான். மூன்று கமராக்களில் எடுத்ததைக் கணினியில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, நான் கை தட்டிய சத்தத்தை வைத்து மூன்றையும் பொருத்துவாய். படம் எந்தக் கமராவுக்கு மாறினாலும் சத்தம் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்பது உன் சட்டம். “கண்ணு தாவலாம், காது தாவப்படாது” என்பாய்.

சாய்ந்தமருதுக் கலியாணம் ஒன்றில் அந்தச் சட்டத்தை மீறினேன். சஹன் தட்டைச் சுற்றி இருந்து இறைச்சியைக் கடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரிய வாப்பாவின் வாய்க்கு, பின்வளவில் கட்டியிருந்த ஆட்டின் சத்தத்தை ஒட்டிவிட்டேன். நீ சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அழித்தாய். “ஆட்டுக்கும் ஒரு மரியாத இரிக்கிடா” என்றாய்.

உன் வாப்பா இல்லாததால் ராத்தாவை நிக்காஹ் செய்து கொடுக்கும் வலீ நீதான் என்று முடிவானது. மீசை கூட முழுதாக முளைக்காத வலீ. முந்தின நாள் பின்னேரம், கரையில் ஏற்றி வைத்திருந்த தோணியில் சாய்ந்தபடி சொல்ல வேண்டியதைப் பாடமாக்கினாய். நான் மாப்பிள்ளையாக எதிரில் உட்கார்ந்தேன். ராத்தாவின் பெயர் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் உன் குரல் நடுங்கியது. மாப்பிள்ளை என்ற உரிமையில் சீதனத்துக்கு இன்னும் கொஞ்சம் காணி கேட்டேன். மண்ணை அள்ளி எறிந்தாய். அதன் பிறகு நீ சிரிக்கவில்லை.

“நாளைக்கும் நடுங்கினா என்னடா செய்ற? ராத்தா வீடியோவுலதான் கேக்கப் போறா.”

“அதுக்கு ஒரு பட்டன் இரிக்கி. அமத்தினா நடுக்கம் போயிரும்.”

“உண்மையா?”

“ஓம். நீ பள்ளிக்கு வா. மத்தத நான் பாத்துக்குறன்.”

நீ கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும்போது மணமகள் வீட்டில் இருப்பாள். தன்னை இன்னாருக்குக் கொடுத்தேன் என்று வலீ சொல்வதை அவள் பிறகு வீடியோவில்தான் கேட்க முடியும்.

மறுநாள் வெள்ளை ஜுப்பாவோடு முழங்காலில் நின்று, பள்ளியின் மைக் பெட்டியிலிருந்து இரண்டாம் கமராவுக்கு வயர் குத்தினாய். நம் வயரை மறந்து வந்ததால் அங்கே கிடந்த ஒன்றை எடுத்தாய். ஹெட்போனில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, போய் பாலமுனை மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்தாய். மற்ற இரண்டு கமராக்களிலும் பதிந்தது பள்ளியின் மின்விசிறிகளும் யாரோ ஒருவரின் இருமலும்தான்.

சத்தத்தில் கை வைக்காதே, அதை நான் பார்க்கிறேன் என்றாய். பார்ப்பதற்குள் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அந்தக் கோப்பை நெடுநாள் நான் திறக்கவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ராத்தா உன் ஹெட்போனை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வீடியோ அழகாக இருக்க வேண்டுமென்றில்லை என்றாள். “அவன் என்ட பேரச் சொல்ற இடம் மட்டும் கேட்டாப் போதும் தம்பி.”

இரண்டாம் கமராவின் சத்தத்தை அடியில் வைத்து, உன் சட்டப்படி காதைத் தாவ விடாமல், படத்தை மட்டும் மாற்றி மாற்றி வெட்டினேன். ஹெட்போனில் நீ பக்கத்தில் இருந்து கதைப்பது போலக் கேட்டது. ராத்தாவின் போனுக்கு அனுப்பினேன். அங்கே உன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மாப்பிள்ளையின் வாயும் அப்படியே. என் போனிலும் ஊமைதான். ஸ்டூடியோவில் ஒருவர் பதிவு பழுது என்றார். மற்றவர் வேறு கமராவின் சத்தத்தைப் போடச் சொன்னார். போட்டால் மின்விசிறி நிக்காஹ் செய்து கொடுத்தது.

அப்போதுதான் என் மூளையில் மின்னல் வெட்டியது. போனில் காது வயர் போட்டும் போடாமலும், இடம் வலம் என்று ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுப் பார்த்தேன். பிழை பிடிபட்டது.

பள்ளியில் கிடந்த அந்த வயர் ஒரே குரலை இரண்டாகக் கொண்டு வந்திருக்கிறது. இடப்பக்கத்தில் உன் குரல், வலப்பக்கத்தில் அதே குரல் தலைகீழாக. ஹெட்போனில் ஆளுக்கொரு காது, அதனால் சண்டையில்லை. போனில் இருப்பது ஒரு ஸ்பீக்கர். இரண்டும் அங்கே கூடுகின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, மிச்சம் ஒன்றுமில்லை. நினைவிருக்கிறதா, நாம் இருவரும் ஒரே சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்து, நான் வலப்பக்கமும் நீ இடப்பக்கமும் திருப்ப, அது எந்தப் பக்கமும் திரும்பாமல் நேரே நற்பிட்டிமுனை வயலுக்குள் போய் இறங்கியதே. அதேதான்.

வலப்பக்கத்தை அணைத்தேன். இடப்பக்கத்தையே இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தேன். போனில் போட்டேன். நீ கதைத்தாய்.

இப்போது ஊரில் எவருடைய வீடியோவில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். நான் டொக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எந்தக் காதில் நோவு என்று விசாரிக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பார்த்தால், உன்னிடம் புளுக வாய் கூசுகிறது. மின்னல் வெட்டியது என் மூளையில் இல்லை, உன் வீட்டுக் குசினியில். ராத்தா போனில் காது வயரைக் குத்தி, ஒரு முனையைத் தன் காதிலும் மற்ற முனையை உம்மாவின் காதிலும் வைத்துப் பார்த்திருக்கிறாள். உடனே எனக்குக் கோல் எடுத்தாள்.

“தம்பி, வயரப் போட்டா கேக்குது, கழட்டினா போயிருது. ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு காதுல நல்லாக் கேக்குது. இதுவும் உன்ட விளையாட்டா?”

பின்னால் உம்மாவின் குரல் கேட்டது. “இன்னொருக்காப் போடு புள்ள.”

அதற்குப் பிறகுதான் நான் ஒவ்வொரு பக்கமாக அணைத்துப் பார்த்ததெல்லாம்.

திருத்திய வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று மூவருமாக உட்கார்ந்து கேட்டோம். வயர் இல்லாமல், போனை நடுவில் வைத்து. ராத்தாவின் பெயர் வந்ததும் நீ நடுங்கினாய், தோணியடியில் நடுங்கியதை விட மோசமாக. உனக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, பெரிய ஆள் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த நடுக்கத்தை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

“தொட்டியெண்டா கைய முறிப்பன்” என்றாள் ராத்தா. “அது என்ட பேருக்கு வந்த நடுக்கம்.”

இடக்காது போனாலும் வலக்காதில் நீ இருக்கிறாய். சற்று முன்னும் அந்த இடத்தைத்தான் கேட்டேன். நீ நடுங்குகிறாய், ராத்தாவின் பெயரைச் சொல்லி முடிக்கிறாய்.

ராத்தா மறித்தது நல்லதாய்ப் போயிற்று மச்சான். அப்படி ஒரு பட்டன் இல்லை. நடுக்கத்தை எடுக்க அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. நீ பயந்துபோய் இருந்தாய், எனக்குப் பார்க்க ஏலவில்லை. அதனால் சொன்னது.