மலையில் கூப்பிட்ட பெயர்

ஐப்பசி, புதன் இரவு. செண்பகத்தோப்பு.

கொழும்பிலிருந்து மலை பார்க்க வந்திருக்கும் துரையின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி நான். இன்று காலை ஏறினோம். துரை கைவீசி நடந்தார். அவர் உட்காரும் நாற்காலி கூலி மாடசாமியின் தலையில் ஏறியது.

அடிவாரத்திலேயே மாடசாமி என்னிடம் சொன்னான்: "ஐயா, மேல போயி யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடாதிய. 'ஓய்'னு சத்தம் குடுங்க, போதும். பேரு தெரிஞ்சா மலையும் சொமை தூக்கக் கூப்பிட்டிரும்."

மற்ற கூலிகள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. இப்படிப் பயந்து பயந்துதான் கண்டவன் நாற்காலியையும் சுமக்கிறார்கள்.

உச்சியில் மூடுபனி. துரை நாற்காலி கேட்டுக் கத்தினார். நான் வேண்டுமென்றே "மாடசாமி!" என்று உரக்கக் கூப்பிட்டேன். வந்தான்.

"இப்படிப் பண்ணிட்டியளே ஐயா."

வெகுநேரம் கழித்து, இறங்கும்போது, மேலேயிருந்து "மாடசாமி" என்று கேட்டது. என் குரல். நான் வாயே திறக்கவில்லை. எதிரொலி அவ்வளவு தாமதித்தா வரும்? அவன் நாற்காலியைக் கீழே போட்டுவிட்டு மேலே நடக்கத் தொடங்கினான். இரண்டு பேர் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள்.

"விடுங்கலே, ஐயா கூப்பிடுதாவ."

நான் அவன் கண்ணெதிரில்தான் நின்றேன். அவனை இழுத்துக்கொண்டுதான் கீழே இறங்கினார்கள்.

நாற்காலிக் கால் முறிந்துவிட்டது. அடிவார பங்களாவில் சாப்பிட்டு முடித்ததும் துரை, உடைத்தவன் பெயரைக் கேட்டார்; உச்சியில் நான் கூப்பிட்டது அவர் மனதில் பதியவில்லை. விடிந்ததும் காட்டுக் காவலனிடம் சொல்லித் தோலை உரிக்க வேண்டுமாம். தெரியாது என்றேன்.

அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுத ஆசை. சன்னல் திறந்திருந்தது. வெளியே மலை. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.