வெட்பாலைத் தைலக் கறை

போன மாதம் பீரோவை ஒழித்தபோது அந்த வெள்ளை ரவிக்கை கையில் அகப்பட்டது. தோளில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறை. மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய் வாசனை எப்போதோ போய்விட்டது. கறை மட்டும் அசையவில்லை. அதை இட்டுவிட்ட நீதான் போன ஆடியில், ஒரு நெஞ்சுவலியில் போய்விட்டாய்.

தில்லைநகரில் தோல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த பெஞ்சில்தான் நாம் பழகினோம். நான் ஸ்ரீரங்கம், நீ பாலக்கரை; இருவருக்கும் சொரியாசிஸ். ஒட்டாத நோய் என்று தெரிந்தும் ஊரே தள்ளி உட்காரும் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். "முழங்கையாக்கா, முதுகா?" என்று சொந்த ஊர் விசாரிப்பது போல விசாரித்தாய்.

அன்று எனக்கு எரிச்சல். களிம்பை நிறுத்தி மாத்திரை எழுதியிருந்தார் டாக்டர். மருந்தை மாற்றினால் தோற்றுவிட்டோம் என்று நினைக்கிற ஜாதி நான். நீ உன் கதையைச் சொன்னாய். துபாயிலிருந்து உன் வீட்டுக்காரர் அனுப்பிய களிம்பு முதலில் மந்திரம் போல வேலை செய்தது. போகப்போக வெண்ணெய் பூசிய மாதிரிதான். ஒளி சிகிச்சை நன்றாகவே கேட்டது. மாமியார் படுக்கையில் விழுந்ததும் அதற்காக அடிக்கடி பஸ் ஏற முடியவில்லை. மாத்திரையில் தோல் பளிங்காயிற்று. பிள்ளை வேண்டும் என்று டாக்டரைக் கேட்டு அதையும் நிறுத்தியிருந்தாய்.

"மருந்து தோக்கலக்கா. நம்ம பொழப்பு மாறுதுல்ல, அதுவும் மாறத்தானே வேணும்?" என்றாய்.

நீ உண்டான பிறகு நடந்ததை இன்றும் நம்ப முடியவில்லை. மருந்தே இல்லை. மாதம் ஏற ஏறச் செதில்கள் தாமாக உதிர்ந்தன. சிலருக்கு அந்தச் சமயத்தில் உடம்பு தானே அடங்கிவிடும் என்றார் டாக்டர். நான் வாங்கிவந்த வளையலை மாட்டிவிட்டு, புதுத் தோல் மினுங்கிய உன் கையைத் தடவிக்கொண்டே இருந்தேன். பெரிய பெருமாளைச் சேவித்தது போல எனக்கு மெய்சிலிர்த்தது.

பிள்ளை பிறந்ததும் நோய் திரும்பிவிட்டது. அழுதது நான், நீ அழவில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தாய். ஊதாவாக மாறிய அந்தத் தைலம் பூசிய கையோடேயே, பார்க்க வந்த என்னைக் கட்டிக்கொண்டாய். "ஐயோ அக்கா, வெள்ளை ரவிக்கை!" என்று அலறியதும் நீதான். என்னை யாராவது அப்படிக் கட்டிக்கொண்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

இப்போது என் முறை. மாத்திரை ஈரலைப் படுத்துகிறது, ஊசிக்கு மாறலாம் என்றார் டாக்டர். "போதும் டாக்டர், விட்ருங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். நீ இல்லாமல் இன்னொன்றை முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை. அந்த வாரம்தான் ரவிக்கை அகப்பட்டது. மறுநாளே டாக்டருக்குப் போன் செய்தேன்.

பரிசோதனைகள் முடிந்து, இன்று காலை அந்த ரவிக்கையையே போட்டுக்கொண்டு போனேன். இறுக்கிப் பிடித்தது, பரவாயில்லை. நர்ஸ் பெண் ஊசிக்காக ரவிக்கைக் கையை மேலே ஒதுக்கினாள்.

"என்னம்மா இது, போகாத கறையா இருக்கே?"

"போகவே வேண்டாம்மா" என்றேன். "நீ ஊசியைப் போடு."