லாரிக்கு முன்னால் ஓடும் வெளிச்சம்

ஜூன் 2, செவ்வாய்

புது ஹெட்லைட் பெட்டிகள் வந்து இறங்கின. பாதியில் கண்ணாடி விரிசல். அனுப்பியவனுக்குப் போன் போட்டு நன்றாகக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் காபி உள்ளே இறங்கியது.

மகள் கல்லாப் பக்கம் வந்து நின்றாள். நின்ற தினுசிலேயே தெரிந்துவிட்டது, வில்லங்கம் என்று. ஒருவரைப் பிடித்திருக்கிறதாம். கல்லூரியில் இயற்பியல் வாத்தியாராம். வெளிச்சத்தைப் பற்றி ஆராய்ச்சியாம். "உங்க லைன்தான்பா" என்கிறாள். என் லைனா? நான் வெளிச்சத்தை விற்கிறேன். அவன் அதைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறான்.

கடைக்கு வரச் சொல் என்றேன். வீட்டுக்கு வந்தால் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆள் யாரென்று கடையில்தான் தெரியும்.

ஜூன் 5, வெள்ளி

வந்தான். வந்த வேளை அப்படி. கவுண்டரில் மீசைக்காரர், லாரி முதலாளி, உயர்ந்த ரக ஹெட்லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "அண்ணே, இதோட வெளிச்சம் மத்ததை விட வேகம். நீங்க எவ்வளவு மிதிச்சாலும் வண்டிக்கு முன்னாடி போய் நிக்கும்." எத்தனையோ வருஷமாக எனக்குச் சோறு போடுகிற வாக்கியம்.

பின்னாலிருந்து வாத்தி வாயைத் திறந்தான். "இல்ல சார், எல்லா வெளிச்சத்துக்கும் ஒரே வேகம்தான். தீக்குச்சிக்கும் அதேதான்."

மீசைக்காரர் அதை மெல்லக் கீழே வைத்தார். மலிவானதை வாங்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது வாத்திக்கு நன்றி வேறு!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "சரி தம்பி, லாரி வெளிச்சத்தோட வேகத்துலயே போகுதுன்னு வைங்க. ஹெட்லைட்டைப் போட்டா என்ன ஆகும்?" லாரி வேகமும் வெளிச்சத்தின் வேகமும் சேர்ந்து இரட்டிப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"அந்த வேகத்தை லாரி தொடவே முடியாது சார்."

"பேச்சுக்குத்தான்யா."

"கிட்டத்தட்ட அந்த வேகம்னு வச்சுக்கலாம். டிரைவருக்கு, வெளிச்சம் எப்பவும் போல முழு வேகத்துல முன்னாடி ஓடும். ரோட்டோரம் நிக்கிறவருக்கும் அதே வேகம்தான், ரெட்டிப்பு இல்ல. அவர் கண்ணுக்கு லாரி அந்த வெளிச்சத்தை ஒட்டியே வரும்."

"ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?"

"ரெண்டு பேருமே. அவங்கவங்க கடிகாரமும் அளவும் வேற வேற."

"அந்த வெளிச்சத்தையே கேட்டா என்ன சொல்லும்?"

"அதோட சேர்ந்து உக்காந்து பார்க்க இடமே கிடையாது சார்."

இடமே கிடையாதாம். ஒயர் அளக்கிற கோல் இரண்டு, இரண்டு அளவு காட்டினால் ஒன்றை உடைத்துக் குப்பையில் போடுவேன். இவன் இரண்டையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறான்.

சாயங்காலம் மகளிடம் சொல்லிவிட்டேன்: ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணுங்கிறான். வேண்டாம்.

ஜூன் 6, சனி

டீக்கடையில் அவிழ்த்துவிட்டேன். "ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணாம்! இவன் கையில கல்லாவைக் கொடுத்தா சாயங்காலம் என்னய்யா மிஞ்சும்?" எதிர்க்கடை சுவிட்சுக்காரனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நல்ல நாள்.

ஜூன் 9, செவ்வாய்

மகளிடம் உப்பு கேட்டால் உப்பு வருகிறது. வார்த்தை வரவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

பேசினாள். "அடுத்த மாசம் மூணாம் தேதி பதிவு பண்றோம்பா. நீங்க வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் நடக்கும்."

குரல் உயரவே இல்லை. வேண்டாத சரக்கைத் திருப்பி அனுப்பும்போது நான் இப்படித்தான் பேசுவேன்.

மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "நாலு பேர் சிரிக்கணும்னு பெத்த பொண்ணைச் சந்தி சிரிக்க வச்சுட்டீங்க." நான் சொன்னது அவனைத்தானே? மகளை ஒரு வார்த்தை சொன்னேனா? — போகாமலே இருந்துவிட்டால் என்ன? அவளுக்குத்தான் ஒன்றுமில்லையே, அவளே சொல்லிவிட்டாள். அப்புறம் எனக்கு மட்டும் ஏன் இப்படி...

சீ. வாத்தியாவது, வெளிச்சமாவது.

ஜூன் 21, ஞாயிறு

வியாபாரிகள் சங்க ஆண்டுக் கூட்டம். படித்தவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவிடுவது வழக்கம். கேட்பது வழக்கமில்லை. இந்த முறை செயலாளர் பிடித்து வந்தது சாட்சாத் அந்த வாத்தியையே. மகள் முன்வரிசையில். என் பக்கம் திரும்பவில்லை.

பாதியில் சுவிட்சுக்காரன் எழுந்தான். "சார், ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணாமே? கல்லாவை உங்ககிட்ட கொடுத்தா சாயங்காலம் என்ன மிஞ்சும்?" கூடமே அதிர்ந்தது. அதோடு விட்டானா? "கல்லா கிடக்கட்டும், எங்க அண்ணன் பொண்ணு மாட்டிக்கிச்சே!"

சரக்கு என்னுடையது. மேலே கொஞ்சம் அழுக்கைப் பூசி எனக்கே விற்கிறான்.

மகளின் முதுகு மட்டும் தெரிந்தது. அசையவில்லை. வாத்தி சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, "நல்ல கேள்வி, இன்னொரு தடவை சொல்றேன்" என்று ஆரம்பித்தான். மடையா, அது கேள்வியாடா? மூஞ்சியில் துப்புகிறவனுக்கு விளக்கம் சொல்லும் ஜென்மத்தை இன்றுதான் பார்த்தேன்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "டேய், ராத்திரியில வண்டி ஓட்டியிருக்கல்ல? என்னைக்காவது உன் வண்டி உன் ஹெட்லைட்டை முந்தியிருக்கா? ஊர்ந்தாலும் பறந்தாலும் அது முன்னாடிதானே ஓடுது? அதைத்தான் அவர் சொல்றாரு. என் பொண்ணு பேச்சை எடுத்தே, பல்லு இருக்காது. உக்காரு!"

உட்கார்ந்தான். அப்போது மேடையிலிருந்து அந்தக் குரல் — "மாமா, சொன்னது சரி. ஆனா காரணம் அது இல்ல."

முதல் தடவையாக மாமா. அதுவும் திருத்துவதற்கு! பரிந்து பேச எழுந்தவனையே சபையில் வைத்து வாருகிறான். பிழைக்கத் தெரியாதவன் என்றால் இவன்தான்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஜூலை 3, வெள்ளி

பதிவு அலுவலகம். ஒரே புழுக்கம், ஒரே கூட்டம். கையெழுத்துப் போடச் சொன்னால் மாப்பிள்ளை முதல் வரியிலிருந்து படிக்கிறார். அடிக்குறிப்பைக்கூட விடவில்லை. பின்னால் இரண்டு ஜோடிகள் முணுமுணுக்கின்றன. பதிவாளர் பேனாவால் மேஜையைத் தட்டுகிறார். இப்படி ஒருவரைக் கடையில் உட்கார வைத்தால் நான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"சீக்கிரம் போடுங்க சார், எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் பதிவாளர்.

"படிக்கட்டும் விடுங்க சார்" என்றேன். "பார்க்காம ஆமான்னு சொல்ல மாட்டாரு."