ஒரே லோயரின் முன்னால் வைத்த கையெழுத்து

ரானுயி, ஆக்லாந்து
14.8.88

அன்பு மகன் ரத்தினத்துக்கு,

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம், மற்றதை எழுதத்தான் இந்தக் கடிதம். இன்வர்காகில் குளிரில் காதை மூடாமல் வேலைக்குப் போகாதே, சின்னனிலிருந்தே உனக்குக் காதுவலி.

உஷாவின் தகப்பன் கலியாணத்துக்கு முன்னம் சொத்து ஒப்பந்தம் எழுத வேண்டும், நீயும் உஷாவும் வேறுவேறு லோயரிடம் போக வேண்டும் என்று கேட்டாராம். என்னைக் கள்ளன் என்று நினைக்கிறாரா என்று கோபித்து எழுதியிருக்கிறாய். அந்தக் கோபத்தை இறக்கி வைத்துவிட்டு உன் அக்கா வசந்தமலரின் கதையைக் கேள். போன கிழமைதான் அது முடிந்தது.

ஆனந்தராசாவிடமிருந்து விவாகரத்து வாங்கப் பெரிய செலவில்லை, இரண்டு வருஷம் பிரிந்திருந்தால் கோர்ட் கொடுத்துவிடுகிறது. வீடுதான் எல்லாவற்றையும் தின்றது. ஊரில் கொக்குவிலில் அவளுக்கென்றிருந்த சீதன வீட்டை விற்ற காசில் அவளுக்கு வாங்கிய, நாங்கள் இப்போது இருக்கிற இந்த ரானுயி வீடு. ஊரில் என்றால் சீதனம் பெண்ணுக்குத்தான், இந்த நாட்டில் புருசன் பெண்சாதி குடியிருந்த வீடு சரிபாதி. அதனால்தான் வீடு அவளுக்கு மட்டும் என்று அப்பா ஒப்பந்தம் எழுதுவித்தார். தாலிக்குப் பொன்னுருக்கின அன்று நல்ல நேரம் பார்த்து, எங்கள் லோயரை வீட்டுக்கே கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு வேறு லோயர் வேண்டும் என்று அந்த லோயரே சொன்னார். தாலி கட்டப் போகிற பிள்ளையை எதிராளி மாதிரி வேறொருவரிடம் அனுப்புவதா, சம்பந்திகள் என்ன நினைப்பினம் என்று அப்பா மறித்துவிட்டார். ஆனந்தராசாவும், ஓம் மாமா, உங்கட லோயரே காணும் என்றார். மனதாரத்தான் சொன்னார், அதை நான் மறுக்கமாட்டேன்.

பிரிந்தபோதும் வீடு வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு அவருடைய லோயர், கையெழுத்து வைக்கும்போது உமக்கு விளக்கம் சொன்னது யார் என்று கேட்டாராம். மாமாவின் லோயர் என்றிருக்கிறார். அதோடு ஒப்பந்தம் ஆட்டம் கண்டது. தனித்தனி லோயர் இல்லாவிட்டால் செல்லாது, ஆனால் நீதவான் நியாயம் என்று கண்டால் ஏற்கவும் கூடுமாம். ஏற்பாரா மாட்டாரா என்பதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் வழக்காடினார்கள், கடைசியில் ஏற்கவில்லை. சரியாக எழுதியிருந்தால் சுருக்காக முடிந்திருக்கும். எழுதாமலே விட்டிருந்தாலும் அவருக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு மற்றப் பாதியோடு அக்கா தலைநிமிர்ந்திருப்பாள். அரைகுறையாக எழுதப்போய், அவளுடைய பாதியை லோயர்மாருக்கே கொடுத்தோம். 

அக்கா விரி என்ற இடத்தில் ஒரு ஃபாக்டரிக்கு வேலைக்குப் போகிறாள். அப்பா பென்ரோஸில் வேலை முடிந்து வந்தால் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். நேற்று அக்கா தேத்தண்ணி கொண்டுபோய், எனக்காகத்தானே செய்தீங்கள் அப்பா என்றாள். அவர் கோப்பையை வாங்கவில்லை. நீயும் அவருக்குக் குற்றம் சொல்லி எழுதிவிடாதே.

உஷாவைத் தன் லோயரிடம் தனியே போகச் சொல்லு. காரில் கூட்டிக்கொண்டு போனாலும் நீ வெளியிலேயே நில். உன் லோயரிடம் நீ போ. அது அவமானமில்லை, அவமானம் எதுவென்று நான் இங்கே ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். அவளுடைய தகப்பனுக்கு மரியாதையாக இரண்டு வரி எழுது.

பிள்ளையார் உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருக்கட்டும், நீங்கள் ஒற்றுமையாக நெடுநாள் வாழ வேண்டும். இந்த மாதம் முடிந்த பிறகு ரானுயி விலாசத்துக்குக் கடிதம் போடாதே. எங்களுக்கு இன்னும் வாடகை வீடு சரிவரவில்லை. இந்த வீட்டை வாங்கினவர்கள் போன ஞாயிற்றுக்கிழமை வந்து அறைகளை அளந்துகொண்டு போனார்கள், அக்காதான் கதவு திறந்துவிட்டாள்.

உன் அன்புள்ள அம்மா
பத்மாவதி