நான் பார்த்துவிட்ட கடைசிப் பக்கம்

என் அன்பான பாவாவுக்கு,

அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே பாவா. கல்யாணத்துக்குப் பிறகும் வேறு பேர் வாயில் வரவில்லை, நீங்கள் போன பிறகும் அதே கதைதான். அடுத்த வாரம் உங்கள் முதல் வருஷத் திதி. அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. அப்போது வாயைத் திறக்காததற்குத் தண்டனையாக, இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பின்பக்கக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. காலை ரயிலின் சத்தம் கேட்டால் இன்னமும் என் கை டிபன் டப்பாவைத் தேடுகிறது. உங்கள் புத்தகங்கள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கங்களிலும் ஸ்டேப்ளர் பின் குத்திப் பிரித்த இரண்டு ஓட்டைகள்.

அந்த ஓட்டைகளுக்கு நான்தானே காரணம்? நீங்கள் அம்பத்தூர் கம்பெனிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் ரயிலில் படிப்பீர்கள். வீட்டில் வைத்தால் நான் எடுப்பேன். எடுத்தவுடன் கடைசிப் பக்கம். அந்தப் பெண் பிழைத்தாளா, அவன் திரும்பி வந்தானா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. தெரிந்துவிட்டால் முதல் பக்கத்திலிருந்து நிம்மதியாகப் படிப்பேன். ஒருநாள் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "அந்த டிரைவர்தான் பாவா கொன்னது" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அப்போது பாதிக்கதையில் இருந்தீர்கள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஸ்டேப்ளரோடு வந்தீர்கள். அன்றிலிருந்து எந்தப் புத்தகம் வாங்கினாலும் முதல் வேலையாகக் கடைசிப் பத்துப் பக்கத்தைச் சேர்த்துப் பின் அடிப்பீர்கள்.

"முடிவு தெரிஞ்சிகினு படிக்கிறதுக்கு, ரயில் ஏறாமலே ஊட்லயே குந்திக்கலாம்டி" என்பீர்கள்.

"தெரிஞ்சிகினா மனசு பதறாது இல்ல?" என்பேன் நான்.

"பதறட்டுமே. அதுக்குத்தானே படிக்கிறது?"

போன வருஷம் வைகாசியில், உங்கள் வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. நீங்கள் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தீர்கள், உறை என் கையில் இருந்தது. பழக்கதோஷம், கடைசித் தாளைத்தான் முதலில் எடுத்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமாக இருந்தது. டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, "ரெண்டு மாசம்மா. ஆடி தாண்டறது கஷ்டம். அவர்கிட்ட எப்ப சொல்றதுன்னு நீங்களே பாத்துக்குங்க" என்றார். நான் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. தெரியாது. அதுதான் விஷயமே.

பஸ்ஸில் வரும்போது கேட்டீர்கள். "நீதான் கடைசிப் பக்கம் பாத்திருப்பியே சரளா. என்னா எழுதிகீது?"

"புண்ணுதானாம் பாவா. ஆறிடுமாம். மாத்திரைய மட்டும் உடாம போடணுமாம்."

"ஆங்" என்றீர்கள். நீங்கள் வழக்கம்போல் கேலி செய்கிறீர்கள் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அது கேலி இல்லை. கதைக்கு முடிவு வேண்டாம் என்ற மனுஷர், தன் விஷயத்தில் வாய்விட்டுக் கேட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனியில் ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே, உங்கள் தம்பி மோகன் பேச்சை நீங்களாகவே எடுத்தீர்கள். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் தம்பி, அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறான், நாலு வருஷமாகப் பேச்சில்லை. நம் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும். அத்தை போன அன்று அவன் லுங்கி லோடு கொண்டுபோய் ஈரோட்டில் இருந்தான். பொழுது சாய்கிறது என்று ஊரார் அவசரப்படுத்த, நீங்களே வைத்துவிட்டீர்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தவன், அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் சுடுகாட்டில் உட்கார்ந்து அழுதான்.

"தப்பு என்மேலதான். நான் காத்துகினு இருந்திருக்கணும்" என்று நாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னீர்கள். "ஆடிக் கிருத்திகைக்கு எப்படியும் காவடி எடுத்துகினு மலைக்கு வருவான் இல்ல? அங்க போயி அவன் கையப் பிடிச்சி மன்னிப்பு கேட்டுடறேன். சாமி முன்னாடி மூஞ்சியத் திருப்பிக்க மாட்டான்."

நான் தலையாட்டினேன் பாவா. ஆடிக் கிருத்திகைவரை நீங்கள் இருப்பதே சந்தேகம் என்று தெரிந்தே, "ஆமா பாவா, அதுதான் சரி" என்றேன்.

மோகனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போட்டால் அவன் அடுத்த பஸ்ஸில் ஓடி வருவான். அவன் ஓடி வந்தால் உங்களுக்குப் புரிந்துவிடும். அதனால் போடவில்லை. உங்கள் மனசு நோகக்கூடாது என்றுதான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தெரிந்த பிறகு உங்கள் முகம் எப்படி மாறுமோ, அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை ஓடி ஓடிப் பார்த்தவள், வீட்டில் கோழையாக இருந்தேன்.

ஆடி பிறந்து ஐந்தாம் நாள் நீங்கள் போனீர்கள். கிருத்திகைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

கருமாதி அன்று யாரோ, "டாக்டர் முன்னாடியே சொல்லலியா?" என்று கேட்டார்கள். வைகாசியிலேயே சொன்னார் என்று நான் உளறிவிட்டேன். மோகன் தலையைத் தூக்கினான்.

"ரெண்டு மாசமா தெரிஞ்சும் என்னைக் கூப்புடலியா அண்ணி? சாவப்போறம்னு தெரிஞ்சும் அவ்ளோ வைராக்கியமா அண்ணனுக்கு?"

அத்தனை சொந்தமும் என்னைப் பார்த்தது. "அவருக்குத் தெரியாதுடா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுகிறவளை யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் இல்லையா? அந்த வசதியை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன். பழி உங்கள் தலையில் விழுந்தது, நீங்கள் மறுத்துப் பேச எழுந்து வரப்போவதில்லை.

நேற்று திதிக்கு அழைக்க அவனுக்குப் போன் செய்தேன். "வரேன் அண்ணி. மொறைன்னு ஒண்ணு கீதே. ஆனா அண்ணன் படத்துக்கு மாலை போட மட்டும் சொல்லாதீங்க. கை வரலை" என்றான். ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை, அண்ணன் தன்னை வெறுத்துக்கொண்டே செத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

நான் மறைத்ததற்காக நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்வீர்களா, இல்லை போகட்டும் விடு என்பீர்களா? எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதற்குப் பதில் இல்லை. என் பாவத்துக்கு அதுவும் சரிதான்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பொதட்டூர்பேட்டைக்குப் போகிறேன். துணைக்கு யாரையும் கூட்டிப்போகவில்லை, அழவும் மாட்டேன். நீங்கள் அவனிடம் கேட்க நினைத்த மன்னிப்பை வார்த்தை மாறாமல் சொல்வேன். அண்ணனுக்குத் தெரியாதுடா, எனக்குத்தான் தெரியும் என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தியாவது சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம். அவன் என்னை வாசலிலேயே நிற்க வைத்தாலும் சரி. உங்களை உள்ளே சேர்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்
சரளா